ஆறரை ஆண்டு இருட்டு: ஆர்மீனியா தன் அணுமின் நிலையத்தை மூடித் திறந்த கதை

1989 தொடக்கத்தில் சோவியத் ஆர்மீனியா தன்னிடம் இருந்த ஒரே அணுமின் நிலையத்தை நிறுத்தியது. 1995 நவம்பரில், அதற்குள் தனி நாடாகிவிட்ட ஆர்மீனியா, அதே நிலையத்தின் இரண்டு உலைகளில் ஒன்றை மறுபடி ஓட்டத் தொடங்கியது. நடுவில் கழிந்த ஆறரை ஆண்டுகள்தான் இந்த ஆய்வின் பொருள்.

முடிவெடுத்தவர்கள், பொறியாளர்கள், குடும்பங்கள் என யாருடைய பெயரும் இங்கே இல்லை. ஆட்களை எடைபோடுவது நோக்கமல்ல. ஒரு நாட்டின் நில அமைப்பும், அதன் கம்பிகளும் குழாய்களும் தண்டவாளங்களும் சேர்ந்து, நல்ல காரணத்துக்காக எடுத்த ஒரு முடிவை எப்படிக் கவிழ்த்தன என்பதே கேள்வி.

## பின்னணி: மலைநாடும் அதன் மூன்று மின்வழிகளும்

ஆர்மீனியாவின் பரப்பு சுமார் 29,700 சதுர கிலோமீட்டர். கடற்கரை கிடையாது. மேற்கே துருக்கி, வடக்கே ஜார்ஜியா, கிழக்கே அஜர்பைஜான், தெற்கே ஈரான். தென்மேற்கில் நகிச்செவான் என்று அஜர்பைஜானுக்குச் சொந்தமான தனித்துண்டு நிலம். நாட்டின் சராசரி உயரம் 1,800 மீட்டர். தலைநகர் எரெவான் ஏறக்குறைய 1,000 மீட்டரில் இருக்கிறது, கியும்ரி 1,500 மீட்டரில். குளிர்காலம் என்றால் விளையாட்டல்ல. கியும்ரியில் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும்.

செம்பும் மாலிப்டினமும் உண்டு. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆனால் சோவியத் திட்டமிடலில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. எரெவானில் அலுமினியம், செயற்கை ரப்பர், கணினி, மின்கருவி ஆலைகள் எழுந்தன. மூலப்பொருள் வெளியிலிருந்து ரயிலில் வரும், செய்த பொருள் ரயிலில் போகும். அந்தச் சரக்கில் ஏறத்தாழ 85 விழுக்காடு அஜர்பைஜான் வழியாக வந்து போனது. எரிவாயுக் குழாயும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஒரே அரசின் கீழ் இருந்தவரை அது வெறும் உள்ளூர்ப் பாதை.

மின்சாரம் மூன்று வழிகளில் கிடைத்தது. ஹ்ராஸ்தான், எரெவான், வனட்சோர் ஆகிய இடங்களில் அனல்மின் நிலையங்கள்; அவற்றுக்கு எரிவாயுவும் ஃபர்னஸ் ஆயிலும் வெளியிலிருந்து வரவேண்டும். அடுத்தது மெட்சமோர் அணுமின் நிலையம். எரெவானுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், துருக்கி எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. முதல் உலை 1976-இலும் இரண்டாவது 1980-இலும் ஓடத் தொடங்கின. இரண்டும் சேர்ந்து 815 மெகாவாட்.

மூன்றாவது வழி, செவான் ஏரியும் அதிலிருந்து கிளம்பும் ஹ்ராஸ்தான் ஆற்றில் படிப்படியாகக் கட்டிய புனல்மின் நிலையங்களும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் நடந்தது இதில்தான் இருக்கிறது. ஏரியின் இயற்கை மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,916 மீட்டர். இவ்வளவு தண்ணீர் வெயிலில் ஆவியாகி வீணாகிறதே, அதை இறக்கி மின்சாரமும் பாசனமும் பெறலாமே என்று 1930-களில் திட்டம் போட்டார்கள். ஏரியை 50 மீட்டருக்கு மேல் வற்றவைத்து, மிஞ்சும் நிலத்தில் பயிர் செய்வது வரை அந்தத் திட்டம் போனது. சில பத்தாண்டுகளில் மட்டம் 18 மீட்டருக்கும் மேல் இறங்கியது. நீரின் தன்மை கெட்டது, பாசி பெருகியது, மீன்வளம் குறைந்தது. தவறு புரிந்து பின்வாங்கினார்கள். அர்ப்பா ஆற்றுத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவர 48 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய் வெட்டி 1981-இல் முடித்தார்கள். மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறப்பதையும் வெகுவாகக் குறைத்தார்கள். அப்படிக் குறைக்க முடிந்ததே அனல்மின் நிலையங்களும் மெட்சமோரும் வந்ததால்தான். ஏரி பிழைத்தது அணு உலையின் தயவிலும் என்று சொன்னால் சூழல் ஆர்வலர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அதுதான் நிலவரம்.

## நிலநடுக்கமும் நிறுத்தும் முடிவும்

1988 டிசம்பர் 7, காலை 11:41. வடக்கு ஆர்மீனியாவில் ஸ்பிடாக் நகரை மையமாகக் கொண்டு 6.8 அளவில் நிலம் நடுங்கியது. ஸ்பிடாக் தரைமட்டமானது. அன்று லெனினாகான் எனப்பட்ட கியும்ரியில் மட்டமான கான்கிரீட்டில் கட்டிய அடுக்குமாடிகள் சரிந்தன. குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள், சுமார் 5 லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

மெட்சமோர் மையத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நிலையத்துக்குச் சேதமில்லை, நிலநடுக்கத்தின்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உறுதியான எரிமலைப் பாறை மீது, நில அதிர்வைக் கணக்கில் எடுத்துத் திருத்திய வடிவமைப்பில் கட்டியிருந்தார்கள். இருந்தாலும் உலையைச் சுற்றி, மேற்கு நாட்டு நிலையங்களில் இருப்பதுபோன்ற முழுக் கான்கிரீட் காப்புக்கூடு கிடையாது. செர்னோபில் நடந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை. ஏற்கெனவே 1987 அக்டோபரில் எரெவான் மக்கள் ரப்பர் ஆலையின் புகைக்கும் மெட்சமோருக்கும் எதிராகத் தெருவில் இறங்கியிருந்தார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தக் குரலை யாராலும் மறுக்க முடியவில்லை. முதல் உலையை 1989 பிப்ரவரி 25-ஆம் தேதியும் இரண்டாவதை மார்ச் 18-ஆம் தேதியும் நிறுத்தினார்கள்.

இந்த முடிவை வெறும் உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் நிறுத்தியதற்கு வலுவான காரணம் இருந்தது. இழப்பை ஈடுகட்டவும் ஒரு கணக்கு இருந்தது: அனல்மின் நிலையங்களைக் கூடுதலாக ஓட்டுவது, குறைந்தால் ஜார்ஜியா, அஜர்பைஜானோடு இணைந்த மின்தொகுப்பிலிருந்து இழுத்துக்கொள்வது. கணக்கில் ஓட்டை இருந்த இடம் வேறு. எரிவாயுவும் எண்ணெயும் எந்த வழியாக வருகின்றன, அந்த வழி எப்போதும் திறந்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும், அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகோர்னோ-கராபாக் பகுதி யாருக்கு என்ற பிரச்சினை 1988 பிப்ரவரியிலேயே வெடித்துவிட்டது.

## கவனித்தவை: வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன

உலைகளை நிறுத்திய அதே ஆண்டின் பிற்பாதியில் அஜர்பைஜான் வழியான ரயில்கள் தடைபடத் தொடங்கின. நிலநடுக்கப் பகுதியில் வீடு கட்டப் போன சிமெண்டும் கம்பியும் அதில் சிக்கின. 1991 செப்டம்பர் 21-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்து ஆர்மீனியா சுதந்திர நாடானது. கராபாக் மோதல் இரு நாடுகளுக்கிடையிலான முழுப் போரானது. இரு பக்கமும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அஜர்பைஜான் பக்கத்து எரிவாயுவும் நின்றது.

மிச்சம் இருந்தது ஜார்ஜியா. அங்கேயும் உள்நாட்டுப் போர். 1992 ஆகஸ்டில் அப்காசியாவில் சண்டை மூண்டதும் ரஷ்யாவிலிருந்து கருங்கடல் ஓரமாக வரும் ரயில்பாதை அறுந்தது. துருக்மெனிஸ்தானில் வாங்கிய எரிவாயு ஜார்ஜியா வழியாக ஒரே ஒரு குழாயில் வரவேண்டியிருந்தது. அந்தக் குழாயை எல்லைக்கு அருகே திரும்பத் திரும்ப வெடிவைத்துத் தகர்த்தார்கள். சரிசெய்வதற்குள் அடுத்த வெடி. துருக்கியிடமிருந்து மின்சாரம் வாங்க 1992-இல் ஓர் ஏற்பாடு பேசி முடிந்தது. அஜர்பைஜான் எதிர்த்ததும் அது கைவிடப்பட்டது. 1993 ஏப்ரலில் ஆர்மீனியப் படைகள், கராபாக்கை ஒட்டிய அஜர்பைஜான் மாவட்டமான கெல்பஜாரைப் பிடித்தன. துருக்கி எல்லையையே மூடிவிட்டது. தெற்கே ஈரானோடு உள்ள எல்லை மிகக் குறுகியது, இடையில் அராக்ஸ் ஆறு. மெக்ரி வழியாகப் போகும் மலைச்சாலையில் லாரிகள் மட்டுமே போகலாம். குழாய் கிடையாது, பெரிய மின்கம்பியும் கிடையாது.

1992–93, 1993–94 குளிர்காலங்களில் எரெவான் வீடுகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு மணிநேரம் மின்சாரம் வந்தது. அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து சமைத்தார்கள். சோவியத் நகரங்களில் வீட்டுக்கு வீடு சூடேற்றும் கருவி கிடையாது. பகுதிக்கு ஒரு பெரிய கொதிகலன், அங்கிருந்து எல்லா அடுக்குமாடிகளுக்கும் குழாயில் வெந்நீர். எரிவாயு நின்றதும் கொதிகலன் நின்றது. ஓடாத குழாய்கள் உறைந்து வெடித்தன. பிறகு மின்சாரம் திரும்பியபோதும் அந்த அமைப்பு பெரும்பாலும் திரும்பவில்லை. நீரேற்றும் மோட்டார் ஓடாததால் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை, மின்தூக்கி ஓடவில்லை. ஒன்பதாவது மாடியில் இருந்த முதியவர்கள் வாளியோடு படியேறினார்கள்.

ஜன்னலில் ஓட்டை போட்டுப் புகைக்குழாயை வெளியே விட்டு, அறைக்கு நடுவில் தகர அடுப்பு வைத்தார்கள். அதில் எரிக்க முதலில் விறகு, பிறகு பூங்கா மரங்கள், பிறகு தரையில் பதித்த மரப்பலகை, நாற்காலி, புத்தகம். மருத்துவமனை, ரொட்டி ஆலை, மெட்ரோ போன்ற முன்னுரிமை இடங்களுக்குப் போகும் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது சாதாரணமானது. பள்ளிகள் குளிர்கால மாதங்களில் மூடப்பட்டன. ரொட்டிக்கு ரேஷன்: ஆளுக்கு நாளொன்றுக்கு 250 கிராம். 1992-இல் மட்டும் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 40 விழுக்காடு சரிந்தது. போன வாரம்வரை கணினி வடிவமைத்துக்கொண்டிருந்தவர்கள் தெருவோரத்தில் வீட்டுச் சாமான் விற்றார்கள். முடிந்தவர்கள் ரஷ்யாவுக்குப் போனார்கள், லட்சக்கணக்கில்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஏரியைத் திறப்பது. வெளியிலிருந்து வரத் தேவையில்லாத ஒரே எரிபொருள் செவான் தண்ணீர்தான். கோடைப் பாசனத்துக்கு மட்டும் என்றிருந்த நீரைக் குளிர்காலத்திலும் விட்டார்கள். 1992 முதல் 1995 வரை ஆண்டுக்கு நூறு கோடி கன மீட்டருக்கும் அதிகமாக வெளியேறியது. அர்ப்பா கால்வாய் கொண்டுவரத் திட்டமிட்டிருந்ததோ ஆண்டுக்கு 25 கோடி கன மீட்டர். இருபது ஆண்டுப் பாடுபட்டு நிறுத்திய சரிவு நாலு குளிர்காலத்தில் மறுபடி தொடங்கியது. செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. குளிரில் குழந்தைகள் கிடக்கும்போது ஏரியைப் பற்றி யார் பேசுவது?

இரண்டாவது, இருப்பதைப் பங்கிடுவது. மருத்துவமனை, ரொட்டி, தண்ணீர், தொலைத்தொடர்பு முதலில், வீடுகள் கடைசியில், தொழிற்சாலைகள் பெரும்பாலும் இல்லை. காகிதத்தில் சரியான வரிசை. ஆனால் வீடுகளை முற்றிலும் இருட்டில் விட்டதால்தான் கொக்கிக் கம்பிகள் பெருகி, முன்னுரிமைக் கம்பிகளும் பளு தாங்காமல் போயின.

மூன்றாவது முடிவு மெட்சமோர். 1993 ஏப்ரலில் அரசு இரண்டாவது உலையை மீண்டும் ஓட்ட முடிவெடுத்தது. துருக்கி எல்லை மூடிய அதே மாதம். அரசில் இருந்த பலர் 1987–88 போராட்டங்களிலிருந்து வந்தவர்கள். நிலையத்தை மூடச் சொன்ன கூட்டத்திலேயே நின்றவர்களும் அவர்களில் உண்டு. அதனால் விவாதம் கசப்பாகவே நடந்தது. அணு எரிபொருளுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது: ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை விமானத்தில் கொண்டுவந்துவிடலாம். தினமும் குழாயில் வரவேண்டியதில்லை, ஜார்ஜியாவில் வெடிவைக்கவும் ஒன்றும் இல்லை. முற்றுகையில் இருக்கும் நாட்டுக்கு இதைவிட வலுவான வாதம் தேவைப்படவில்லை. எதிர்ப்பக்க வாதமும் எளிமையானது: நிலம் அப்படியேதான் இருக்கிறது. 1988-இல் ஆபத்தாக இருந்தது 1993-இல் எப்படிப் பாதுகாப்பாகும்?

ஆகவே முதல் உலையை விட்டுவிட்டு, புதிதான இரண்டாவதை மட்டும் எடுத்தார்கள். ரஷ்யா பணமும் எரிபொருளும் ஆட்களும் கொடுத்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். நில அதிர்வைத் தாங்கும் பேட்டரிகள், அவசரக் குளிர்நீர் அமைப்பு, தீத்தடுப்பு ஆகியவற்றில் கூடுதல் வேலை நடந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்களில் பலர் வெளிநாட்டு நிலையங்களுக்குப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடி அழைக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஆட்கள் வேறு: போகாமல் நின்று, ஓடாத உலையை ஆறு ஆண்டு பராமரித்தவர்கள். குளிர்ந்து கிடக்கும் உலைக்கும் மின்சாரம் வேண்டும், காவல் வேண்டும், சம்பளம் வேண்டும். அது எதுவும் ஒழுங்காகக் கிடைக்காத காலத்தில் அவர்கள் நின்றிருக்காவிட்டால் திறக்க ஒன்றும் இருந்திருக்காது.

1995 நவம்பர் 5-ஆம் தேதி இரண்டாவது உலை மின்தொகுப்போடு இணைந்தது.

## தொடர்ந்தவை

1996-இல் நாடு முழுவதும் 24 மணிநேர மின்சாரம் திரும்பியது. நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒற்றை உலையிலிருந்து வந்தது.

ஆனால் எல்லாப் பெருமையையும் உலைக்கே கொடுத்துவிடக் கூடாது. 1994 மே மாதம் போர் நிறுத்தம் வந்தது. அந்த ஆண்டே, உலை ஓடுவதற்கு முன்பே, பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. பழைய சோவியத் நாடுகளில் முதலில் நிமிர்ந்தவற்றில் ஆர்மீனியாவும் ஒன்று. 1991-இலேயே நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்ததால் உணவு முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 1993 நவம்பரில் திராம் என்ற சொந்த நாணயம் வந்தது.

மின்சாரம் வந்தாலும் பணம் வரவில்லை. கட்டணத்தின் பெரும்பகுதி வசூலாகவில்லை, வசூலானதிலும் ஒரு பகுதி வழியிலேயே மறைந்தது. இதைச் சரிசெய்தது மிக எளிய ஒரு வேலை. மின்மீட்டர்களை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து, மாடிப்படி ஓரத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பூட்டுப் பெட்டியில் வைத்தார்கள். பணத்தை வீட்டுக்கு வரும் ஊழியரிடம் கொடுக்காமல் தபால் நிலையத்தில் கட்டச் செய்தார்கள். துணைமின் நிலையங்களில் தில்லுமுல்லு செய்ய முடியாத மீட்டர்களைப் போட்டார்கள். சில ஆண்டுகளில் இழப்பு வெகுவாகக் குறைந்தது. அணு உலையைப் பற்றி எழுதியவர்களில் பத்தில் ஒருவர்கூட மீட்டரைப் பற்றி எழுதியிருக்க மாட்டார். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே எடை.

திறந்ததற்கான விலை பிறகு வந்தது. எரிபொருள் கடன் ஏறியது. 2002-இல் ரஷ்யாவுக்குத் தரவேண்டிய சுமார் 10 கோடி டாலருக்கு ஈடாக ஹ்ராஸ்தான் அனல்மின் நிலையமும் வேறு சில ஆலைகளும் கைமாறின. 2003-இல் மெட்சமோரின் நிதி நிர்வாகம், சுமார் 4 கோடி டாலர் எரிபொருள் பாக்கிக்காக, ஒரு ரஷ்ய மின் நிறுவனத்திடம் போனது. ஐரோப்பிய ஒன்றியமோ நிலையத்தை மூடச் சொல்லி அழுத்தியது. 2004-க்குள் மூடுவதாக ஒரு புரிதலும் 1999-இல் ஏற்பட்டது. ஒன்றியம் தருவதாகச் சொன்னது 10 கோடி யூரோ, மாற்று நிலையத்துக்கு வேண்டியது அதைப்போல் பல மடங்கு. மூடவில்லை. உலைக்கலனை வெப்பப்படுத்தி அதன் உலோகத்தைப் புதுப்பிக்கும் வேலையை 2021-இல் செய்து, ஆயுளை நீட்டி, இன்னும் ஓட்டுகிறார்கள்.

ஏரியின் மட்டம் 2001–02 வாக்கில் சுமார் 1,896 மீட்டருக்குப் போனது, இயற்கை மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 20 மீட்டர் கீழே. 2001-இல் செவானுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, மட்டத்தை 1,903.5 மீட்டருக்கு உயர்த்துவது இலக்கு. வோரோத்தான் ஆற்றிலிருந்து இன்னொரு சுரங்கக் கால்வாயை 2004-இல் முடித்தார்கள். மட்டம் நாலு மீட்டர் அளவுக்கு ஏறியது. ஆனால் தண்ணீர் இறங்கிய காலத்தில் கரையில் முளைத்த மரங்களும் கட்டடங்களும் மூழ்கத் தொடங்கின. 2018-இல் ஏரி முழுக்க நீலப்பச்சைப் பாசி படர்ந்தது.

## மறுபடி நேர்ந்தால் எதை மாற்றலாம்

உலையை மூடியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். மாற்ற வேண்டியது மூடிய விதம். இரண்டையும் மூன்று வாரத்துக்குள் நிறுத்தினார்கள். பழையதை உடனே நிறுத்தி, புதியதைச் சோதனைக்கு விட்டுவைத்து, மாற்று எரிபொருள் நாட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு அடுத்த அடி வைத்திருக்கலாம். 1993-இல் அரசு கடைசியில் வந்து நின்றதும் இந்த ஏற்பாட்டில்தான்: பழையது வேண்டாம், புதியதைப் பலப்படுத்து. நாலு ஆண்டு முன்பே எடுத்திருந்தால் ஏரிக்கும் காட்டுக்கும் இந்தக் கதி வந்திருக்காது. இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை: 1989-இல் மாஸ்கோவின் ஆணைக்குக் கீழே இருந்த எரெவானுக்கு இப்படி நிதானமாகப் பேரம் பேசும் இடம் இருந்ததா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, தெற்கு வழி. ஈரானிலிருந்து எரிவாயுக் குழாய் போடுவது பற்றி 1990-களின் தொடக்கத்திலேயே பேச்சு இருந்தது. குழாய் திறந்தது 2007 மார்ச்சில். எரிவாயு வாங்கி, அதில் மின்சாரம் எடுத்து, ஈரானுக்கே திருப்பித் தரும் பண்டமாற்று ஏற்பாடு. பணமில்லாத நாட்டுக்கு ஏற்ற முறை. அதை அரை அளவிலாவது பத்தாண்டு முன்னதாகச் செய்திருந்தால் ஜார்ஜியக் குழாயில் வெடித்த ஒவ்வொரு வெடியும் நாட்டையே அணைத்திருக்காது. தாமதத்துக்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. ஈரான் மீதான அமெரிக்க நெருக்கடியும், எரிவாயுச் சந்தையை விட விரும்பாத ரஷ்யாவும் நடுவில் இருந்தன. அந்தக் குழாயின் ஆர்மீனியப் பகுதியும் பின்னாளில் ரஷ்ய நிறுவனத்தின் துணை நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது, பங்கீடு. வீடுகளுக்கு இரண்டு மணிநேரம்தான் என்றால் அந்த இரண்டு மணிநேரம் எப்போது என்பதை முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடி கொடுத்திருந்தாலே கொக்கி போடுவது பாதியாகக் குறைந்திருக்கும். இதற்குப் புது மின்நிலையம் எதுவும் வேண்டியதில்லை. பூட்டுப் பெட்டி மீட்டரும் அப்படித்தான். 1992-இலேயே பெரிய நகரங்களில் தொடங்கியிருக்கலாம்.

ஏரியைத் திறந்த முடிவில் மாற்ற எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அளவைத் தவிர. 1990-களில் ஒரு வரம்புச் சட்டம் இல்லை. தண்ணீரைத் திறக்கும் அதிகாரம் மின்சாரம் வேண்டியவர்கள் கையிலேயே இருந்தது. இன்று ஏரியிலிருந்து ஆண்டுக்கு 17 கோடி கன மீட்டர் என்ற உச்சவரம்பு சட்டத்தில் இருக்கிறது. வறண்ட ஆண்டுகளில் பாசனத்துக்காக நாடாளுமன்றம் அதைத் தற்காலிகமாக உயர்த்துகிறது, ஒவ்வொரு முறையும் சண்டை போட்டு.